விடை தெரியாத நேரத்தில் நிலைத்திருக்கக் கற்றல்: கணிதத்திற்கு அஞ்சிய ஒரு தொடக்கப்பள்ளி மாணவியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடபகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, தொடக்கநிலை 5-இன் இறுதியிலிருந்து தொடக்கநிலை 6 முடியும்வரை, கணிதத்தின்மீது தனக்கிருந்த அச்சத்தை எவ்வாறு எதிர்கொண்டாள் என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவளுக்கு வார இறுதிகளில் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில் நான் நேரில் கண்டவற்றையும், பெற்றோரிடமும் அவளிடமும் கேட்டறிந்தவற்றையும் அவர்களுடைய இசைவோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளை மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு அச்சத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை என்றே பெரியவர்கள் பொதுவாக எண்ணுகிறோம். என்னிடம் வருவதற்கு முன்பே இம்மாணவி தன் அச்சத்தைப் பல வழிகளில் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். அவ்வழிகளுள் சில சோம்பலாகத் தோன்றின. சில கடும் உழைப்பாகத் தோன்றி எல்லாருடைய பாராட்டையும் பெற்றன. இரண்டு வகையுமே அவளைக் கணக்கிலிருந்து மேலும் மேலும் விலக்கின என்பதுதான் இந்நிகழ்வின் மையம்.

குடும்பமும் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியும்

மாணவியின் தந்தை தமிழ்நாட்டில் பொறியியல் படித்து, வேலை நிமித்தம் சிங்கப்பூருக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர். தாயார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தாய்வழிப் பாட்டியும் அவர்களுடன் இருக்கிறார். தொடக்கநிலை 4 வரை மாணவியின் மதிப்பெண்கள் நடுத்தரமாக இருந்தன. விகிதம், விழுக்காடு, பின்னத்தின் பின்னம் என்று பாடங்கள் அப்போது அடுக்கடுக்காக வந்த தொடக்கநிலை 5-இல் அவை சரிந்தன. ஆண்டிறுதித் தேர்வில் அவள் நூற்றுக்கு 38 மதிப்பெண் பெற்றாள்.

அதன்பின் பள்ளி, தொடக்கநிலை 6-இல் கணிதத்தை மட்டும் எளிதாக்கப்பட்ட பாடங்களைக் கொண்ட அடித்தள நிலையில் படிக்கலாம் என்று பரிந்துரைத்தது. தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை வழங்கப்படுகிறது. 90-உம் அதற்கு மேலும் பெறுவோருக்கு அடைவுநிலை 1. 65 முதல் 74 வரை பெறுவோருக்கு 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அடித்தள நிலையில் மிகச் சிறப்பாகத் தேறினாலும், உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு அது வழக்கமான நிலையின் அடைவுநிலை 6-க்கு ஈடாகவே கொள்ளப்படும். பெற்றோரின் கலக்கத்திற்கு இதுவே காரணம். பள்ளியின் பரிந்துரையை நான் குறைகூறவில்லை. அடித்தள நிலை பல பிள்ளைகளுக்குப் பெரும் ஆறுதலாகவும் உண்மையான தொடக்கமாகவும் அமைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இம்மாணவிக்குக் கணிதம் புரியவில்லையா, புரிந்ததை வெளிக்காட்ட முடியவில்லையா என்பது தெரியாமல் அம்முடிவை எடுப்பது சரியன்று என எனக்குத் தோன்றியது. வழக்கமான நிலையிலேயே தொடர்வதெனப் பெற்றோர் தீர்மானித்த பிறகு எங்கள் வகுப்பு தொடங்கியது.

அச்சம் எடுத்திருந்த உருவங்கள்

தொடக்கத்தில் நான் கற்பித்ததைவிடக் கவனித்ததே அதிகம். சொற்கணக்கு ஒன்றைக் கொடுத்தால், மாணவி அதை முழுவதுமாகப் படிக்க மாட்டாள். எண்களை மட்டும் வட்டமிட்டு, அவற்றை ஏதேனும் ஒரு முறையில் கூட்டியோ பெருக்கியோ விடை எழுதிவிடுவாள். எழுதி முடித்தவுடன் அழிப்பானை எடுத்து, சரியாக இருந்த வரிகளையும் சேர்த்து அழிப்பாள். கடினமான கணக்கு வரும் பக்கத்தைத் திருப்பும்போது கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்பாள். கணிதத் தேர்வு நாள்களின் காலையில் அவளுக்கு வயிற்றுவலி வருவது வழக்கமாக இருந்தது. பலதுறை மருந்தகத்தில் பரிசோதித்து, உடலில் குறையேதும் இல்லை என்று கூறியிருந்தார்கள்.

இவற்றைத் தட்டிக்கழித்தல் என்று எளிதில் கண்டுகொள்ளலாம். கண்டுகொள்ள அரிதாக இருந்தது அவளுடைய உழைப்பு. கடைகளில் விற்கும் பயிற்சி நூல்களை அவள் அடுக்கடுக்காக முடித்திருந்தாள். அவற்றில் பெரும்பகுதி அவளுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த கணக்குகள். தெரியாதவற்றிற்கு நூலின் பின்பக்கத்திலுள்ள விடைவழிகளைப் பார்த்து, அழகான கையெழுத்தில் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். வாரத்தில் இரண்டு துணைப்பாட வகுப்புகளுக்கும் சென்றுவந்தாள். அவற்றுள் ஒன்றில் வாரந்தோறும் நேரம் குறித்துச் சிறுதேர்வு வைத்து, மதிப்பெண் வரிசையைச் சுவரில் ஒட்டினார்கள். தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் நீக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளின் மூச்சுக்கு இடம்விட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவின் பயன், இப்படி வேறொரு வாசல் வழியே பறிபோவதைக் காண வருத்தமாக இருக்கிறது.

அவளுடைய நாளில் கணிதத்திற்குச் செலவான நேரம் குறைவில்லை. ஆனால் விடை இன்னதென்று தெரியாத ஒரு கணக்கின் முன்னால் அவள் அமர்ந்திருந்த நேரம் அநேகமாக இல்லவே இல்லை. அந்த நேரத்தைத் தவிர்ப்பதற்காகவே மற்றவை அனைத்தும் நடந்துகொண்டிருந்தன.

இதைப் பற்றி ஆய்வுலகம் சொல்வது

கணித அச்சத்தை அளப்பதற்கான முறையான வினாத்தொகுப்பு ஒன்றை ரிச்சர்ட்சன், சுவின் ஆகிய இருவரும் 1972-இல் வெளியிட்டனர். அதன்பின் இத்துறை வெகுவாக வளர்ந்துள்ளது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்நிகழ்வுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு கணக்கைச் செய்யும்போது இடைப்பட்ட எண்களையும் அடுத்துச் செய்ய வேண்டிய படியையும் மனம் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். கவலை அந்த இடத்தையே பிடித்துக்கொள்வதால், எடுத்துச் சேர்க்க வேண்டிய கூட்டல் போன்றவற்றில் அச்சமுள்ளவர்கள் தடுமாறுகிறார்கள். தெரிந்த கணக்கும் தேர்வில் வராமற்போவது இதனால்தான்.

இயன் லயன்ஸ், சியன் பைலாக் இருவரும் 2012-இல் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கணித அச்சம் மிகுந்தவர்களின் மூளையில், உடல்வலியோடு தொடர்புடைய பகுதிகள் கணக்கை எதிர்நோக்கும்போது செயற்பட்டன. கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது அவ்வாறு செயற்படவில்லை. எங்கள் மாணவியின் வயிற்றுவலியும் காலையில்தான் வந்தது. தாள் கைக்கு வந்து சில நிமிடங்கள் கழிந்ததும் அது குறைந்துவிடும் என்று அவளே சொன்னாள். எனவே காப்பாற்ற வேண்டியது தொடக்க நிமிடங்களை என்பது தெளிவாயிற்று.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. சிங்கப்பூர் மாணவர்கள் 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பீசா ஆய்வின் 2022-ஆம் ஆண்டுச் சுற்றில் கணிதத்தில் 575 புள்ளிகளுடன் உலகில் முதலிடம் பெற்றவர்கள். அதே ஆய்வின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றில், நன்கு ஆயத்தமாக இருந்தாலும் தேர்வு என்றால் மிகுந்த பதற்றம் ஏற்படுகிறது என்று 76 விழுக்காட்டுச் சிங்கப்பூர் மாணவர்கள் கூறினார்கள். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு நாடுகளின் சராசரி 55 விழுக்காடு. திறமையும் அச்சமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதை நம் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நல்லது.

வகுப்பில் செய்தவை

முதலில் கடிகாரத்தை அகற்றினோம். சுவரில் மதிப்பெண் ஒட்டிய துணைப்பாட வகுப்பைப் பெற்றோர் நிறுத்தினார்கள். புதிய பயிற்சி நூல் வாங்குவதில்லை என்றும் முடிவாயிற்று. தேர்வு நெருங்கும் ஆண்டில் பயிற்சியைக் குறைப்பதா என்று தந்தை தயங்கியது இயல்பே. ஆயினும் அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய துணை.

அடுத்து, பின்னத்தில் அவளுக்கிருந்த இடைவெளியைத் தேடினோம். நேரக் கட்டுப்பாடின்றி வாய்மொழியாகக் கேட்டபோது அவள் பெரும்பாலானவற்றைச் சரியாகவே சொன்னாள். ஆனால் மீதியின் பின்னம் என்று வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இடறினாள். நான் கொடுத்த கணக்கு இது: பாட்டி தேக்கா சந்தைக்குக் கொண்டுசென்ற பணத்தில் 2/5 பங்குக்கு மீன் வாங்கினார், மீதியில் 1/3 பங்குக்குக் காய்கறி வாங்கினார், கையில் 24 வெள்ளி எஞ்சியது, கொண்டுசென்றது எவ்வளவு? மாணவி 2/5-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 11/15 என்றாள்; எஞ்சிய 4/15 பங்கு 24 வெள்ளி என்பதால் விடை 90 வெள்ளி என்றாள். முழு எண்ணாக வந்துவிட்டதால் அவளுக்கு ஐயமே எழவில்லை. இரண்டாவது பின்னம் மொத்தத்தின் பங்கன்று, மீதியின் பங்கு என்பதை அவள் படித்த வேகத்தில் தவறவிட்டிருந்தாள்.

காகிதப் பட்டை ஒன்றை ஐந்தாக மடிக்கச் சொன்னேன். இரண்டு பகுதிகளைக் கிழித்து மீனுக்கு என்று ஓரமாக வைத்தாள். மூன்று பகுதிகள் எஞ்சின. அவற்றுள் ஒன்றைக் கிழித்துக் காய்கறிக்கு வைத்தாள். கையில் இரண்டு பகுதிகள் இருந்தன. அவை 24 வெள்ளி. ஒரு பகுதி 12. ஐந்து பகுதிகள் 60. அந்த விடையை அவள் உரக்கச் சொல்லவில்லை. முதலில் எழுதிய 90-ஐப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தாள். வழக்கம்போல் அழிப்பானை எடுக்கப் போனவளைத் தடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றிலிருந்து வகுப்பில் அழிப்பான் பயன்படுத்துவதில்லை. தவறானதன்மேல் ஒரே கோடு மட்டும்.

பட்டைகளை வரைந்து கணக்கைத் தீர்க்கும் முறை சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1980-களில் டாக்டர் கோ தெக் ஹோங் தலைமையில் கல்வி அமைச்சின் குழுவினர் உருவாக்கிய மாதிரி வரையும் முறைதான் அது. பள்ளியிலும் அவளுக்கு அதைக் கற்பித்திருந்தார்கள். அவளோ வரைபடங்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தாள். 1990 முதல் நம் கணிதப் பாடத்திட்டத்தின் அடிப்படையாக இருந்துவரும் ஐங்கோணச் சட்டகத்தில், கருத்துகள், திறன்கள், செயல்முறைகள், தன் சிந்தனையைத் தானே கவனித்தல் ஆகியவற்றுடன் மனப்பான்மையும் ஒரு பக்கமாக இடம்பெற்றிருக்கிறது. தன்னம்பிக்கையும் விடாமுயற்சியும் பாடத்தின் பகுதிகளே என்று பாடத்திட்டமே சொல்லும்போது, அவற்றிற்கென வகுப்பில் நேரம் ஒதுக்குவதை ஆடம்பரமாகக் கருதுவதற்கில்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் என் கணிப்பில் மிகுந்த பயன் தந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கணக்கை விடை காணாமல் படிப்பதற்கு மட்டுமே எடுத்துக்கொண்டோம். தெரிந்தவை எவை, தெரியாதவை எவை, கேட்கப்படுவது எது என்று அவள் எழுதுவாள். விடை எழுதக் கூடாது என்பதே விதி. பிறகு வீட்டில் பாட்டியிடம் அக்கணக்கைத் தமிழில் ஒரு செய்திபோல் சொல்ல வேண்டும். பாட்டி புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்ல வேண்டும். எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் இதனால் மெல்லத் தளர்ந்தது.

2021-ஆம் ஆண்டின் தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வந்து, பெற்றோரிடையே பெரிதும் பேசப்பட்ட நாணயக் கணக்கை இம்முறையில் எடுத்தோம். ஹெலனிடமும் ஐவனிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. ஹெலனிடம் சில 50 காசு நாணயங்களும் 64 இருபது காசு நாணயங்களும் உள்ளன. ஐவனிடம் சில 50 காசு நாணயங்களும் 104 இருபது காசு நாணயங்களும் உள்ளன. யாரிடம் எவ்வளவு பணம் கூடுதலாக உள்ளது என்பது முதல் கேள்வி. ஹெலனுடைய நாணயங்களின் எடை 1.134 கிலோகிராம், ஒரு 50 காசு நாணயம் 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கனமானது என்றால் ஐவனுடையவற்றின் எடை என்ன என்பது அடுத்தது. எத்தனை 50 காசு நாணயங்கள் என்று எங்குமே சொல்லப்படவில்லை. அச்சமுள்ள பிள்ளையின் மனம் அந்த இல்லாத எண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். மாணவியும் முதலில் கேள்வியே தவறாக அச்சாகியிருக்கிறது என்றாள்.

அன்று விடை காண அவளுக்கு அனுமதி இல்லாததால் அவசரமும் இல்லை. தெரியாதவை என்ற தலைப்பின்கீழ் 50 காசு நாணயங்களின் எண்ணிக்கை என்று எழுதிவிட்டு, கேட்கப்படுவதை மறுபடியும் படித்தாள். அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்கவே இல்லை என்பதை அவளே கண்டாள். அடுத்த வகுப்பில் மீதியையும் அவளே சொன்னாள்: ஐவனிடம் 20 காசு 40 கூடுதல், அப்படியானால் 50 காசு 40 குறைவு, ஒவ்வொன்றுக்கும் 30 காசு வேறுபாடு, எனவே ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். 40 முறை 2.7 என்பது 108 கிராம். ஐவனுடைய நாணயங்கள் 1.026 கிலோகிராம். தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே விட்டுவிட்டு முன்னேற முடியும் என்பதை எந்த அறிவுரையாலும் அவளுக்கு நான் உணர்த்தியிருக்க முடியாது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை எழுதுவது மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்று ஜெரார்டோ ராமிரெஸ், சியன் பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. 2018-இல் பல சமூக அறிவியல் ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த ஒரு பெருமுயற்சியில் அந்த விளைவு கிட்டவில்லை. எனவே அதை மருந்தாகக் கருதாமல், அவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறியும் வழியாகவே பயன்படுத்தினோம். அவள் எழுதியவற்றில் கணக்கைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கினால் அப்பா இரண்டு நாள் பேசமாட்டார் என்பதும், அம்மா தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று அழுவார் என்பதுமே திரும்பத் திரும்ப வந்தன. அவளுடைய அனுமதியோடு அதைப் பெற்றோரிடம் காட்டினேன். பள்ளி ஆலோசகரும் இக்காலத்தில் அவளைச் சந்தித்து, தாள் திறக்கும் முன் மூச்சை நிதானப்படுத்தும் எளிய பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்.

வீட்டில் நிகழ்ந்த மாற்றம்

"எனக்கும் சின்ன வயசுலேருந்தே கணக்குன்னா பயம், டீச்சர். அவளுக்கும் அப்படியே வந்திருக்கு," என்று தாயார் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். அவர் அதை மகளைத் தேற்றுவதற்காகவும் சொல்லிவந்தார். ஒவ்வோர் இரவும் மகளுடன் அமர்ந்து வீட்டுப்பாடத்தை மேற்பார்த்துவந்தவரும் அவரே. எரின் மலோனியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இங்குக் கருதத்தக்கது: கணித அச்சமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அவர்களுடைய பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகக் கற்றதோடு கூடுதலாக அஞ்சவும் செய்தார்கள். அன்பில் குறை இல்லை. அமர்ந்திருப்பவரின் பதற்றம் பிள்ளையைத் தொற்றுகிறது. தாயார் வீட்டுப்பாட மேற்பார்வையிலிருந்து விலகிக்கொண்டு, தமிழ் வாசிப்பில் மகளுக்குத் துணையாக இருக்க முடிவு செய்தார். இது அவருக்கும் ஆறுதலாக இருந்தது என்று பின்னர் கூறினார்.

தந்தையின் நிலை வேறு. அவருக்குக் கணிதம் நன்றாக வரும். எந்தக் கணக்கையும் எக்ஸ் என்று வைத்துக்கொண்டு சமன்பாடாக எழுதித் தீர்ப்பார். மகள் வரையும் பெட்டிகளைச் சுற்றுவழி என்று கருதினார். பள்ளியில் ஒரு முறை, வீட்டில் வேறு முறை என்று ஆனதில் இரண்டுமே தன்னால் ஆகாதவை என்று மாணவி எண்ணத் தொடங்கியிருந்தாள். தமிழ்நாட்டில் படித்துவந்த பெற்றோர் உள்ள வீடுகள் பலவற்றில் இந்த முரண்பாட்டை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பெரியவர்கள் கொடுக்கும் கவனம் போதாது.

ஒரு சனிக்கிழமை தந்தையை வகுப்புக்கு வரச்சொல்லி, மாணவியையே அவருக்குக் கற்பிக்கச் செய்தோம். தேக்கா சந்தைக் கணக்கை அவள் வரைந்து காட்டினாள். அவர் மொத்தப் பணத்தை எக்ஸ் என்று வைத்துப் பின்னங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது, அவள் இரண்டு பெட்டிகளின்மேல் 24 என்று எழுதி முடித்துவிட்டாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு பெட்டியை எக்ஸ்னு வச்சிருக்கலாமா?" என்று கேட்டார். "ஆமாப்பா, மொத்தம் அஞ்சு எக்ஸ்," என்றாள் அவள். தந்தைக்கு ஒன்றைத் தெளிவுபடுத்தும் நிலையில் அவள் இருந்தது அதுவே முதல் முறை என்று எண்ணுகிறேன். அதன்பின் அவர் மதிப்பெண் கேட்பதை விட்டு, இன்று எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்கத் தொடங்கினார். அவளும் மறைக்காமல் சொன்னாள்.

தேர்வுகளும் தற்போதைய நிலையும்

முன்னேற்றம் சீராக இருக்கவில்லை. ஜூன் விடுமுறைக்குப் பிறகு நேரம் குறித்த பயிற்சியைச் சிறுகச் சிறுகத் திரும்பக் கொண்டுவந்தபோது, கால்குலேட்டர் அனுமதிக்கப்படாத தாள் 1-இல் அவள் பழையபடி அழிக்கவும் அவசரப்படவும் செய்தாள். அப்போது தொடக்க நிமிடங்களுக்கென ஒரு நடைமுறையை அவளே வகுத்தாள்: தாளை முழுவதும் புரட்டிப் பார்ப்பது, நிச்சயமாகத் தெரிந்த மூன்று கணக்குகளை முதலில் முடிப்பது, பிறகு வரிசையாகத் தொடங்குவது. இறுதியாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளி நடத்தும் பிரிலிம் தேர்வில் 61 பெற்றாள். தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி வரத்தான் செய்தது. வரும் என்று தெரிந்திருந்ததால் தனக்குப் பயமில்லை என்றாள்.

இறுதியாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவளுக்கு அடைவுநிலை 5 கிடைத்தது. இதற்கு எது எந்த அளவு காரணம் என்று ஒரு பிள்ளையின் நிகழ்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு வாரத் தனிப்பயிற்சிக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணித அச்சமும், அதனோடு தொடர்புடைய மூளைச் செயற்பாடும் குறைந்ததாகக் கௌஸ்துப் சுபேகரும் அவருடைய குழுவினரும் 2015-இல் காட்டியிருக்கிறார்கள். கணக்கைப் புரியவைப்பதே அச்சத்தைக் குறைக்கும் என்ற அந்தக் கருத்தோடு நான் உடன்படுகிறேன். ஆயினும் அவசரம் நீங்காமலும் வீட்டில் பேச்சு மாறாமலும் இம்மாணவி அந்தப் புரிதலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டாள் என்பது என் துணிபு. கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு, 1991-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள் உள்ளன. பிள்ளை அஞ்சுகிறது என்பதைச் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், முதல் சில வாரங்களை அவர் வேறு விதமாக அமைத்துக்கொள்ள முடியும்.

2024-இல் முழுமையாக நடப்புக்கு வந்த பாட அடிப்படையிலான வகைப்படுத்தலின்படி, அடைவுநிலை 5 பெற்றவர்கள் அப்பாடத்தை உயர்நிலை 1-இல், மூன்று நிலைகளுள் மிக உயர்ந்ததான ஜி3 நிலையில் படிக்கலாம். மாணவி கணிதத்தை ஜி3 நிலையில் எடுத்திருக்கிறாள். இயற்கணிதம் அவளுக்கு எளிதாக இருக்கிறது. விகிதமும் வேகமும் கலந்து வரும் கணக்குகளில் இன்னும் தடுமாறுகிறாள்; குறித்த நேரத்திற்குள் முடிப்பதும் கடினமாகவே உள்ளது. முதல் பருவத்தின் தேர்வு முடிவு வந்ததும் வகுப்பைத் தொடர்வதா என்று பேசுவதாகப் பெற்றோரும் நானும் முடிவு செய்திருந்தோம். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். புரியாதவற்றை எழுதிவைத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதாகக் கூறியிருக்கிறாள்.